மாமியார் தந்த மஞ்சள் வைரம்: விற்கலாமா, மாற்றிப் பதிக்கலாமா?

கேள்வி: எங்கள் குடும்பம் காரைக்குடிப் பக்கம். என் மாமியார் காலமாவதற்கு முன் ஒரு மோதிரத்தை என் கையில் கொடுத்தார். அவருடைய மாமனார் 1930களில் ரங்கூனில் தொழில் செய்தபோது வாங்கியதாம். ஒற்றைக் கல், நல்ல மஞ்சள் நிறம். பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கிறது. உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரிகிறது. ஒன்றே முக்கால் கேரட் என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் இது கோல்கொண்டா வைரம். மாமியாரின் ப்ளூ ஜாகர் தோடு நாத்தனாருக்குப் போயிற்று, மோதிரம் எனக்கு வந்தது. ஒரு கடையில் காட்டினேன். "இது கேப் கல்லும்மா, மஞ்சளடிச்சது. பழைய தங்கத்தோட போட்டுட்டுப் புதுசா எடுத்துக்குங்க" என்றார்கள். இன்னொரு கடையில், "ஃபேன்ஸி யெல்லோ, இப்பவே கொடுத்தா நல்ல விலை தர்றோம்" என்றார்கள். தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். கல்லைப் புதிதாகப் பட்டை தீட்டி, பிளாட்டினத்தில் பதித்து அவளுக்குப் போட வேண்டும் என்பது என் ஆசை. அவளோ, "ரத்தம் பட்ட கல்லா இருந்தா எனக்கு வேண்டாம்மா" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகச் சான்று கைக்கு வரும்வரை இந்த மோதிரத்தை விற்காதீர்கள், மாற்றிப் பதிக்காதீர்கள், பட்டை தீட்டவே தீட்டாதீர்கள். முதல் கடையில் சொன்னதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? பழைய நகையை மாற்றும்போது பெரும்பாலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் விலை போடுவார்கள். கல் ஏறக்குறைய இலவசமாகப் போயிருக்கும். இரண்டாவது கடையிலோ, நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாதபோது விலை பேச வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் மூடிய பதிப்பில் இருக்கும் கல்லை மேலிருந்து பார்த்துத்தான் பேசினார்கள். அப்படிப் பார்த்து இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

ஏன் என்று விளக்குகிறேன். அந்தக் காலத்தில் கல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்து மூடிப் பதிப்பது வழக்கம். மின்விளக்கு இல்லாத வீட்டில், எண்ணெய் விளக்கின் ஒளியில் கல் மின்ன வேண்டுமே. அந்தத் தகடு வெள்ளியாகவும் இருக்கலாம், நிறம் ஏற்றியதாகவும் இருக்கலாம். தகடே இல்லாவிட்டாலும் 22 கேரட் தங்கக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கல், தங்கத்தின் மஞ்சளை வாங்கித் திருப்பித் தரும். தொண்ணூறு வருடத்து எண்ணெயும் சோப்பும் உள்ளே இறங்கியிருக்கும். ஆக, நீங்கள் பார்க்கும் மஞ்சளில் கல்லுடையது எவ்வளவு, மற்றவற்றுடையது எவ்வளவு என்பது கழற்றினால்தான் தெரியும்.

சரி, மஞ்சள் கல்லுடையதே என்று வைத்துக்கொள்வோம். வைரம் முழுக்க முழுக்கக் கரிம அணுக்களால் ஆனது. அது பூமிக்கடியில் உருவாகும்போது சில இடங்களில் கரிமத்துக்குப் பதிலாக நைட்ரஜன் அணு போய் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் மஞ்சளுக்குக் காரணம். நைட்ரஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டிருந்தால் மெல்லிய வைக்கோல் மஞ்சள் வரும். கேப் கல் என்று சொல்வது இந்த வகையை. திரளாமல் தனித்தனியாக நின்றுவிட்டால், கொஞ்சம் இருந்தாலே அடர்ந்த மஞ்சள் வரும். கனேரி என்று வியாபாரிகள் சொல்லும் அந்த நிறம் மிக அரிது. நீல வைரத்துக்கு போரான் காரணம். பச்சைக்கு, மண்ணிலும் பாறையிலும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு. இளஞ்சிவப்பில் கலப்பே இல்லை. ஆழத்தில் பட்ட அழுத்தத்தில் படிகத்தின் அமைப்பு நெளிந்துபோய் அந்த நிறம் வருகிறது.

உங்களைக் குழப்பியது விலையின் போக்கு. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ என்ற ரத்தின ஆய்வு நிறுவனம் வகுத்த அளவுகோலில் நிறமில்லாத கல்லுக்கு டி. மஞ்சள் ஏற ஏற எழுத்து இறங்கி இசட் வரை போகும், விலையும் கூடவே இறங்கும். இசட்டையும் தாண்டி மஞ்சள் ஏறினால், அங்கிருந்து ஃபேன்ஸி என்ற வேறு கணக்கு தொடங்குகிறது. அதில் நிறம் ஏற ஏற விலையும் ஏறும். அளவிடும் முறையும் வேறு. டி முதல் இசட் வரையிலான கல்லைக் கவிழ்த்து வைத்து நிறம் பார்ப்பார்கள், ஃபேன்ஸி கல்லை முகம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் கல் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் முழுக் கேள்வியும். இரண்டு கடைக்காரர்களும் எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்து பேசியிருக்கிறார்கள்.

மஞ்சள் என்றாலே மட்டம் என்ற எண்ணம் எப்படி வந்தது? 1867இல் தென்னாப்பிரிக்காவின் ஹோப்டவுன் அருகே ஒரு கல் கிடைத்தது. 1871இல் இன்றைய கிம்பர்லியில் ஒரு குன்றையே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை உலகம் பார்த்திராத அளவுக்கு வைரம் வெளியே வந்தது, அதில் ஏராளமானவை மஞ்சள் சாயை கொண்டவை. கிம்பர்லிப் பகுதி பிற்பாடு பிரிட்டிஷாரின் கேப் காலனியோடு சேர்க்கப்பட்டது. அந்தப் பெயரே மஞ்சளடித்த கல்லுக்கு நின்றுவிட்டது. எது அதிகம் கிடைத்ததோ அது மட்டமாயிற்று. அதே கிம்பர்லியில் 1870களின் கடைசியில் கிடைத்த 287 கேரட் மஞ்சள் கல்லை டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனம் வாங்கி, 128.54 கேரட்டாகத் தீட்டி, இன்றும் தன் பெருமையாக வைத்திருக்கிறது. அது மண்ணிலிருந்து வந்த இடமும் கேப் கற்கள் வந்த அதே இடம்தான்.

நம் முன்னோர் பார்வை இப்படி இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியில் நடக்கும்போது காகபாதம், களங்கம், விந்து, கீற்று என்ற குற்றங்கள் நீங்கிய வைரங்களைப் பார்க்கிறான். அவை நால்வகை நிறத்து ஒளி உடையவை என்கிறது பாட்டு. குற்றம் என்று அவர்கள் எண்ணியது கல்லுக்குள் இருக்கும் பழுதை, நிறத்தை அல்ல. விலையைத் தீர்மானிப்பதில் வியாபாரத்தின் கை எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இன்னும் அண்மையில் ஒரு சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 1980களில் திறந்தபோது வெளியே வந்ததில் பெரும்பகுதி பழுப்புக் கல். பழுப்பை அதுவரை ஆலைகளில் அறுக்கவும் தேய்க்கவும்தான் பயன்படுத்தினார்கள். ஷாம்பெயின், கோன்யாக் என்று மதுவின் பெயர்களைச் சூட்டி அதையே நகைக்கடைக்குக் கொண்டுவந்தார்கள், மக்களும் வாங்கினார்கள். அதே சுரங்கம்தான் உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் மிகப் பெரும் பங்கைத் தந்தது. 2020 நவம்பரில் அது மூடப்பட்டது.

இனி கோல்கொண்டா. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல வைரம் என்றாலே கோல்கொண்டா என்று சொல்லும் பழக்கம் நம் நாட்டில் பல தலைமுறையாக உண்டு. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு அனேகமாக எல்லா வைரமும் இந்தியாவிலிருந்துதான் போயிற்று. கோல்கொண்டா சந்தை நகரம். சுரங்கங்கள் அங்கே இல்லை, கிருஷ்ணா ஆற்றங்கரையில் கொல்லூர், பரிடாலா போன்ற இடங்களில் இருந்தன. கொல்லூர் இன்று புலிச்சிந்தலா அணையின் நீருக்கடியில் கிடக்கிறது.

அந்த வியாபாரத்தில் சென்னைக்கு இருந்த பங்கு நம்மில் பலருக்குத் தெரியாது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி யூத வணிகர்கள் குடியிருந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது. சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், 1702இல் ஜாம்சந்த் என்ற வணிகரிடமிருந்து 410 கேரட் கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் தீட்டியபோது சுமார் 140 கேரட் ஆயிற்று. 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதி அதை வாங்கினார். ரீஜன்ட் என்ற பெயரோடு இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்த ஒருவர் தன் சொந்தக் கணக்கில் செய்த வியாபாரம் இது! நம் கடற்கரையிலிருந்து என்னவெல்லாம் எப்படிப் போயின என்பதை நினைக்கும்போது எனக்கு இந்தக் கல்தான் முதலில் ஞாபகம் வரும்.

ஆனால் உங்கள் மோதிரம் 1930களில் வாங்கியது. அதற்குள் இந்தியச் சுரங்கங்கள் பெரும்பாலும் வற்றி வெகுகாலம் ஆகிவிட்டது. ரங்கூன், சென்னை, பம்பாய்ச் சந்தைகளுக்கு வந்த கல் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் தோண்டி, லண்டனில் விற்று, பெல்ஜியத்திலோ ஆம்ஸ்டர்டாமிலோ தீட்டியது. இதற்கான தடயம் உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. நாத்தனாரிடம் போன ப்ளூ ஜாகர் தோடு. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கம். 1893இல் 995 கேரட் எக்செல்சியர் கல்லைத் தந்த சுரங்கம் அது. வெயிலில் நீலச் சாயை காட்டும் அதன் வெள்ளைக் கற்கள் தமிழ்க் குடும்பங்களில் தோடாகவும் பேசரியாகவும் பேர் வாங்கின. பிற்பாடு அந்த வகைக் கல் எங்கிருந்து வந்தாலும் ப்ளூ ஜாகர் என்றார்கள். தோட்டுக்குக் கல் வந்த அதே வழியில்தான் உங்கள் மஞ்சள் கல்லும் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இன்னொன்றும் உண்டு. இன்றைய சந்தையில் கோல்கொண்டா என்று தனி விலை பேசுவது நைட்ரஜன் அனேகமாக இல்லாத, தண்ணீர்போல் தெளிந்த கல்லைத்தான். மஞ்சள் கல் அந்தக் கணக்கில் வராது. தீட்டிய கல்லை மட்டும் பார்த்து அது எந்த நாட்டுச் சுரங்கத்தில் பிறந்தது என்று ஆய்வகமும் சான்று தராது. கோல்கொண்டா என்று எழுதித் தருகிறேன், கூடுதலாக இவ்வளவு கொடுங்கள் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்டதற்காக அவளை நான் பாராட்டுகிறேன், மழுப்பாமல் பதில் சொல்லவும் விரும்புகிறேன். ரத்த வைரம் என்று இன்று பேசப்படுவது 1990களில் சியரா லியோன், அங்கோலா உள்நாட்டுப் போர்களுக்குப் பணம் கொடுத்த கற்களை. அதைத் தடுக்க, தீட்டாத கல்லுக்கு நாடுகள் சான்று தரும் கிம்பர்லி நடைமுறை 2003இல் வந்தது. 1930களின் கல்லுக்கும் அந்தப் போர்களுக்கும் சம்பந்தமில்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அவளுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும்.

கிம்பர்லியில் 1880களின் நடுவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களைச் சுற்றுச்சுவருக்குள் அடைத்து வைத்தார்கள். ஒப்பந்தம் முடியும்வரை மாதக்கணக்கில் வெளியே போக முடியாது. போகும் நாள் வந்தால், அதற்கு முன் பல நாள் தனியே நிர்வாணமாக அடைத்து வைத்து, கல்லை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்த்தார்கள். செசில் ரோட்ஸ் 1888இல் டி பியர்ஸ் கம்பெனியைத் தொடங்கி, போட்டியாளர்களை வாங்கி, உலகத்துக்கு எவ்வளவு வைரம் போக வேண்டும் என்பதை ஒரே கைக்குள் கொண்டுவந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை விழாமல் இருக்கச் சுரங்கங்களையே மூடினார்கள், வேலை போனது தொழிலாளிக்கு. பிரேசிலில் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். நம் கொல்லூரிலும் ஆண், பெண், குழந்தை என்று சுமார் 60,000 பேர் வேலை செய்ததாக 17ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதியிருக்கிறார். அவர்கள் கூலி மிகச் சொற்பம். தோடு வந்த ஜாகர்ஸ்ஃபோன்டைன் 1971இல் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த பழைய கழிவுமண்ணை மறுபடி சலித்து வைரம் எடுத்துவந்தார்கள். 2022 செப்டம்பர் 11 அன்று அந்தக் கழிவுச்சேற்றின் கரை உடைந்து ஊருக்குள் பாய்ந்தது. வீடுகள் போயின, உயிரும் போயிற்று.

கிம்பர்லி நடைமுறையும் போதாது என்றே நினைக்கிறேன். கிளர்ச்சிப் படைக்குப் பணம் போகும் தீட்டாத கல்லை மட்டும்தான் அது தடுக்கிறது. ஜிம்பாப்வேயின் மராங்கே வயலில் 2008இல் அரசுப் படையே மக்களைச் சுட்டது. அது அந்த வரையறைக்குள் வரவில்லை. நடைமுறை உருவாகக் காரணமாயிருந்த குளோபல் விட்னஸ் அமைப்பு 2011இல் வெளியேறிவிட்டது.

இதையெல்லாம் மகளிடம் அப்படியே சொல்லுங்கள். இந்த மோதிரத்தை அணிவதால் இன்று யாருக்கும் புதிதாகத் தீங்கு நடக்காது, புதிய கல் வாங்காததால் உங்கள் பணம் எந்தச் சுரங்கத்துக்கும் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் முடிவு அவளுடையது. அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நம் ஊரில் நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவதுதானே, மோதிரம் பின்னால் வந்த சேர்க்கை. நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்ற ஆசையை உலகெங்கும் பரப்பியதில் டி பியர்ஸ் விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற அவர்களுடைய வாசகம் 1947இல் எழுதப்பட்டது.

பட்டை தீட்டும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கல்லை நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் ஜன்னல்போலத் தெரிகிறதா? மேல்முகம் சிறியதாகவும் கல் உயரமாகவும் இருக்கிறதா? அப்படியானால் அது பழைய கை வெட்டு. அதற்கென்றே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபடி தீட்டினால் எடை குறையும். பழைய வெட்டு நிறத்தைத் தேக்கி வைத்திருந்தால், ஃபேன்ஸியாக இருந்த கல் எல்லைக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடவும் கூடும். விட்டல்ஸ்பாக் என்ற புகழ்பெற்ற நீல வைரத்தை 2008இல் ஏலத்தில் வாங்கிய லண்டன் நகை வணிகர் லாரன்ஸ் கிராஃப், 35.56 கேரட்டிலிருந்து 31.06 ஆகக் குறைத்துத் தீட்டினார். நூற்றாண்டுகளின் சுவடு அழிந்தது என்று அருங்காட்சியகத்தார் பலர் வருந்தினார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

பிளாட்டினமும் அவசரமாக வேண்டாம். கேப் கல்லை வெள்ளை உலோகத்தில் பதித்தால் மஞ்சள் அழுக்குப்போல எடுத்துக்காட்டும், தங்கத்தில் இருந்தால் வெளுப்பாகத் தெரியும். ஃபேன்ஸி என்றால், கல்லைப் பிடிக்கும் நகங்கள் பிளாட்டினத்திலும் கல் உட்காரும் கிண்ணம் மஞ்சள் தங்கத்திலும் இருக்கும்படி செய்வார்கள், நிறம் இன்னும் கூடும். இரண்டுக்கும் செய்முறை வேறு என்பதால் சான்றுக்கு முன் உலோகத்தை முடிவு செய்ய முடியாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மோதிரத்தைப் பல கோணத்தில் படம் எடுங்கள். பழைய நகையில் பழகிய, கல் பதிக்கும் பத்தரிடம் கழற்றச் சொல்லுங்கள், கழற்றி முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். கல் உள்ளே இருக்கும்போது நெருப்பு ஊதக் கூடாது. வைரமும் கரிமம்தான், சூட்டில் மேற்பரப்பு வெந்து மங்கிப்போகும். கழற்றியதும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கரும்புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லென்ஸ் வழியாக அதன் இடத்தையும் வடிவத்தையும் படம் எடுத்து வைத்தால், கல் எங்கே போய்த் திரும்பினாலும் அது உங்களுடையதுதான் என்று காட்டும் அடையாளம் அதுவே. தோஷம் என்று யாராவது பயமுறுத்தி விலையைக் குறைக்கப் பார்த்தால் செவிசாய்க்க வேண்டாம்.

கடைகளில் பேனாபோல வைத்துப் பார்க்கும் கருவி சத்தம் போட்டால் வைரம் என்பார்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் அது அப்படியே சத்தம் போடும். வைரத்தைச் செயற்கையாக உருவாக்குவதில் 1954இல்தான் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வெற்றி பெற்றது, ஆகவே ரங்கூனில் வாங்கிய கல் செயற்கையாக இருக்க முடியாது. ஆனால் நடுவில் எப்போதாவது பழுது பார்க்கக் கொடுத்தபோது கல் மாறியிருந்தால்? மஞ்சள், செயற்கை முறையில் எளிதாக வரும் நிறம். இயற்கைக் கல்லுக்கே கதிர்வீச்சும் சூடும் கொடுத்து மஞ்சளாக்கவும் முடியும். அதனால்தான் ஆய்வகம் வேண்டும் என்கிறேன். மும்பையில் ஜி.ஐ.ஏ ஆய்வகம் இருக்கிறது. தரச்சான்றுக்குக் கழற்றிய கல்லைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சாதாரண கூரியரில் போட்டுவிடாதீர்கள். விலைமதிப்புள்ள பொருளைக் காப்பீட்டோடு கொண்டுபோகும் சேவை மூலம் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுங்கள். தைக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

சான்று வந்ததும் நிறத்தின் பெயரையும், நிறம் இயற்கையா செயற்கையா என்று சொல்லும் வரியையும் முதலில் பாருங்கள். ஃபேன்ஸி, இயற்கை நிறம் என்று இருந்தால் குறைந்தது மூன்று இடத்தில், அதில் ஒன்று நிற வைரம் விற்கும் ஏல நிறுவனமாக இருக்கட்டும், விலை கேட்காமல் கையை விட்டுப் போகவிடாதீர்கள். எழுத்து வரிசைக்குள் எங்காவது நின்றால் அது நல்ல பழைய கேப் கல். விற்றால் கிடைப்பது உங்கள் எதிர்பார்ப்புக்கு வெகுவாகக் குறையும், பழைய பதிப்பிலேயே திரும்ப உட்காரவைத்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நிறம் செயற்கை என்று வந்தால், கழற்றியபோது எடுத்த படங்களையும் எடைச் சீட்டையும் சான்றோடு எனக்கு அனுப்புங்கள், கல் எப்போது மாறியிருக்கலாம் என்று பார்ப்போம். எது வந்தாலும் சான்றின் நகலை மோதிரம் இருக்கும் லாக்கரில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.